கணவர்மேல் வந்த சந்தேகம்: ஆகுஸ்டே டேட்டர், ஃபிராங்க்ஃபர்ட், 1901

1901 நவம்பர் 25. ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் மனநோயாளிகளுக்கும் வலிப்பு நோயாளிகளுக்குமாக நகராட்சி நடத்திவந்த மருத்துவமனையில் 51 வயதுப் பெண் ஒருவரைச் சேர்த்தார்கள். பெயர் ஆகுஸ்டே டேட்டர். கணவர் கார்ல் ரயில்வேயில் குமாஸ்தா. ஒரு மகள் உண்டு. 1873-ல் கல்யாணமாகி அந்த ஊரிலேயே குடித்தனம்.

கணவர் சொன்ன புகாரைக் கவனமாகக் கேட்க வேண்டும். அந்த வருடம் மார்ச் மாதம், 'நீங்கள் பக்கத்து வீட்டுக்காரியோடு உலாவப் போனீர்கள்' என்று ஆகுஸ்டே திடீரென்று குற்றம்சாட்டினார். முகாந்திரம் எதுவும் இல்லை. அன்று பிடித்த சந்தேகம் பிறகு விடவே இல்லை. ஞாபகம் தவற ஆரம்பித்தது அதற்குப் பின்னால்தான். சமையலில் தப்பு நேர்ந்தது. வீட்டுக்குள்ளேயே காரணமில்லாமல் அங்கும் இங்கும் நடந்தார். சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய் ஒளித்துவைத்தார். வீட்டுக்கு அடிக்கடி வந்துபோகும் வண்டிக்காரர் தன்னை ஏதோ செய்துவிடுவார் என்று பயந்தார். யார் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பினார். அக்கம்பக்கத்து வீடுகளில் போய் மணியடித்தார். யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சில வேளைகளில் பெருங்குரலெடுத்துக் கத்தினார்.

இவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோயிஸ் அல்சைமர். அதனால் உலகம் ஆகுஸ்டேயை மறதிநோயின் முதல் நோயாளியாகவே நினைவில் வைத்திருக்கிறது. ஆனால் அல்சைமர் 1907-ல் அச்சிட்ட அறிக்கையைப் படித்தால், முதலில் கண்ணில் பட்ட அறிகுறி கணவர்மீது கொண்ட பொறாமைச் சந்தேகம் என்றும், வேகமாகக் கூடிய மறதி அதன் பின்னால் வந்தது என்றும் தெளிவாக எழுதியிருக்கிறார். கணவர் மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவர வழிவகுத்த நோய், மறதியாக அல்ல, சந்தேகமாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது.

இந்த வரிசையை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. 'யாரோ என்னைக் கொல்லப் பார்க்கிறார்கள்', 'சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள்', 'என் நகையை எடுத்துவிட்டாள்' என்று ஒருவர் சொல்லத் தொடங்கியதும் நம் வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கிறது. செய்வினை என்று கிளம்புகிறார்கள். இல்லையென்றால் மனச்சிதைவு என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். மனச்சிதைவு நோய் இப்படி வரக்கூடியதுதான். ஆனால் அது பெரும்பாலும் பதின்வயதின் பிற்பகுதியிலிருந்து முப்பதுகளுக்குள் தொடங்கும் நோய். ஐம்பது வயதுவரை குடும்பம் நடத்தி, பிள்ளை வளர்த்து, கணக்கு வழக்குப் பார்த்த ஒருவருக்கு முதல்முறையாக இப்படிச் சந்தேகம் வந்தால், அவர் உடம்பை முதலில் பார்க்க வேண்டும்.

படுக்கையோரம்

சேர்த்த மறுநாள் அல்சைமர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசியதைக் கேள்வியும் பதிலுமாக எழுதிவைத்திருக்கிறார். ஆகுஸ்டே கட்டிலில் திகைத்த முகத்தோடு இருக்கிறார்.

உங்கள் பெயர் என்ன?

ஆகுஸ்டே.

குடும்பப் பெயர்?

ஆகுஸ்டே.

கணவர் பெயர்?

ஆகுஸ்டே என்று நினைக்கிறேன்.

உங்கள் கணவர்?

ஓ, என் கணவரா.

எவ்வளவு நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்றால் யோசித்துப் பார்த்து, மூன்று வாரம் என்கிறார். வந்து ஒரு நாள்தான் ஆகியிருக்கிறது. பென்சிலைக் காட்டினால் பேனா என்கிறார். பணப்பை, சாவி, நாட்குறிப்பு, சுருட்டு எல்லாவற்றையும் சரியாகச் சொல்கிறார். கொஞ்ச நேரம் கழித்து என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் எதுவும் நினைவில்லை. மதியச் சாப்பாடு காலிஃபிளவரும் பன்றி இறைச்சியும். என்ன சாப்பிடுகிறீர்கள் என்றால் 'கீரை' என்கிறார். பெயரை எழுதச் சொன்னால் 'திருமதி' என்று எழுதிவிட்டு மீதியை மறந்துவிடுகிறார். ஒவ்வொரு சொல்லாக மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்கிறது. 'என்னை நானே தொலைத்துவிட்டேன்' என்று அவர் சொன்னதும் அந்தக் கோப்பில் இருக்கிறது.

மருத்துவர்மேலேயே அவர் மனம் ஊசலாடியது. ஒரு நேரம் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல வரவேற்று, வேலை இன்னும் முடியவில்லை என்று மன்னிப்புக் கேட்பார். இன்னொரு நேரம் தன்னை அறுக்க வந்திருக்கிறார் என்று அலறுவார். வேறொரு நேரம் தன் கற்புக்குப் பங்கம் வந்துவிடும் என்று சினந்து தள்ளிவிடுவார். படுக்கை விரிப்பை இழுத்துக்கொண்டு கணவரையும் மகளையும் கூப்பிடுவார். காதில் குரல்கள் கேட்பதுபோலவும் நடந்துகொண்டார்.

இந்தக் காட்சியில் ஒன்றைப் பார்க்க வேண்டும். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்: கணவர், அண்டை வீட்டுப் பெண், வண்டிக்காரர், மருத்துவர். கதைக்கு ஒரு கோவை இல்லை. மருட்சிக் கோளாறு என்று இன்று நாம் சொல்லும் நோயில், நடுவயதில், மற்ற எல்லா விஷயத்திலும் தெளிவாக இருக்கும் ஒருவர் ஒரே ஒரு நம்பிக்கையை வருடக்கணக்காகத் தர்க்கத்தோடு கட்டி வளர்ப்பார். வேலைக்குப் போவார், வங்கிக்குப் போவார், அந்த ஒன்றைத் தவிர எதிலும் குறை தெரியாது. ஆகுஸ்டே அப்படியில்லை. நாள் தெரியவில்லை, இடம் தெரியவில்லை, சொல் கிடைக்கவில்லை. சந்தேகத்தோடு சேர்ந்து நினைவும் மொழியும் நழுவினால் அது மூளையின் உடல்நோய் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

அன்றைக்கு எதையெல்லாம் விலக்க வேண்டியிருந்தது

1901-ல் மனச்சிதைவைக் குறிக்கும் ஸ்கிசோஃப்ரினியா என்ற பெயரே கிடையாது. ஸ்விட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் அதை முன்வைத்தது 1908-ல். ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரேப்லின் அதற்கு முன்பே இளவயதில் அறிவு மங்கும் நோய் என்று ஒன்றை வகுத்திருந்தார். 51 வயது அதற்கு ஒத்துவராது.

அந்தக் காலத்து மனநல மருத்துவமனைகளை நிறைத்திருந்தது சிபிலிஸ். நம் ஊரில் மேகநோய் என்றார்கள். தொற்றிப் பத்து இருபது வருடம் கழித்து மூளையைத் தாக்கும்போது சந்தேகம், தற்பெருமை, மறதி, வாய்க்குழறல், கடைசியில் முடக்கம் என்று போகும். அதற்குக் காரணமான கிருமியைக் கண்டது 1905-ல். ரத்தப் பரிசோதனை வந்தது 1906-ல். பெனிசிலினால் குணப்படுத்த முடியும் என்று தெரிந்தது 1943-ல். ஆகவே 1901-ல் மருத்துவர் கையில் இருந்தவை ஒரு விளக்கும் ஒரு சிறு சுத்தியலும்தான். கண்ணில் வெளிச்சம் பட்டால் பாப்பா (கண்மணியின் நடுத்துளை) சுருங்குகிறதா, முழங்காலைத் தட்டினால் கால் எழும்புகிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்ப்பார்கள். அல்சைமர் பார்த்து எழுதிவைத்திருக்கிறார்: பாப்பா சுருங்குகிறது, முட்டி அனிச்சை இருக்கிறது, நடையில் கோளாறு இல்லை. சிபிலிஸ் மூளையை நுண்ணோக்கியில் அலசியவர்களில் அவர் முன்னணியில் நின்றவர். அதனால் இந்த மூன்று வரிகளுக்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கிறேன். மனைவி புருஷனைச் சந்தேகப்படுகிறாள் என்று கேட்டதும் மனசைப் பற்றி மட்டும் பேசாமல் முழங்காலைத் தட்டிப்பார்த்த மருத்துவர் அவர்.

போக்கும் முடிவும்

நாலரை வருடம். பேச்சு குறைந்தது, அலறல் மிஞ்சியது. 1903-ல் அல்சைமர் ஃபிராங்க்ஃபர்ட்டை விட்டு ஹைடல்பெர்க் போய், அங்கிருந்து கிரேப்லினோடு ம்யூனிக் போய்ச் சேர்ந்தார். ஆனால் இந்த நோயாளியைப் பற்றிய தகவல் தனக்கு வந்துகொண்டிருக்கும்படி பார்த்துக்கொண்டார். கடைசியில் ஆகுஸ்டே கால்களை மடக்கிக்கொண்டு படுக்கையோடு படுக்கையாகக் கிடந்தார். படுக்கைப் புண் பழுத்து, ரத்தத்தில் கிருமி பரவி, 1906 ஏப்ரல் 8 அன்று இறந்தார். வயது 56 நிறையவில்லை.

மருத்துவமனைத் தலைவர் எமில் சியோலி மூளையையும் கோப்பையும் ம்யூனிக்குக்கு அனுப்பினார். மூளை முழுக்க ஒரே சீராகச் சுருங்கியிருந்தது. பீல்ஷோவ்ஸ்கி என்ற நரம்பியல் மருத்துவர் சில வருடம் முன்புதான் உருவாக்கியிருந்த வெள்ளிச் சாயத்தை ஏற்றிப் பார்த்தபோது, மூளையின் மேலடுக்கான புறணியின் நரம்பணுக்களில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகள். அணுவே அழிந்துபோய் இழைக்கற்றை மட்டும் நின்ற இடங்களும் உண்டு. புறணி முழுக்க, அதுவும் மேலடுக்குகளில் கூடுதலாக, ஏதோ ஒரு பொருள் படிந்த சிறுசிறு திட்டுகள். இன்று இழைகளை டௌ புரதம் என்றும் திட்டுகளை அமிலாய்டு என்றும் அறிவோம். பெரிய ரத்தக்குழாய்களில் தடிப்பும் இருந்தது.

1906 நவம்பர் 3 அன்று ட்யூபிங்கனில் தென்மேற்கு ஜெர்மன் மனநல மருத்துவர்கள் கூட்டத்தில் இதை அவர் வாசித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. 1910-ல் கிரேப்லின் தன் பாடநூலின் எட்டாம் பதிப்பில் இந்த நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார். ஆகுஸ்டேயின் கோப்பு பல பத்தாண்டுகள் காணாமல் கிடந்து, 1995 டிசம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் பல்கலைக்கழக மனநலத் துறையின் ஆவணக் காப்பகத்தில் மனநல மருத்துவர் கோன்ராட் மௌரரும் அவரோடு இருந்தவர்களும் தேடியபோது கிடைத்தது. மேலே உள்ள உரையாடல் அதிலிருந்துதான் உலகத்துக்குத் தெரியவந்தது.

சந்தேகம் ஏன் முதலில் வந்தது

மறதிநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒரு கட்டத்தில் இப்படிப்பட்ட பொய்நம்பிக்கை வருகிறது. அவற்றில் ஐந்தாறு வகைகள் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பொருளைத் திருடிவிட்டார்கள். துணைக்கு வேறு தொடர்பு இருக்கிறது. இது என் வீடு இல்லை. வீட்டுக்குள் யாரோ வந்து தங்கியிருக்கிறார்கள். என் மகள் மாதிரியே இருக்கிறாள், ஆனால் இவள் என் மகள் இல்லை.

பீரோ சாவியைப் பத்திரமாக இருக்கட்டும் என்று அரிசி டின்னுக்குள் வைக்கிறார் பாட்டி. வைத்த நினைவு பதியவே இல்லை. சாயங்காலம் சாவி இடுப்பில் இல்லை. 'நான் வைத்தேன், மறந்துவிட்டேன்' என்று நினைக்க, நான் மறக்கிறேன் என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்; அந்த அறிவைத்தான் நோய் சீக்கிரம் எடுத்துக்கொண்டு போகிறது. மிஞ்சும் விளக்கம் ஒன்றுதான்: யாரோ எடுத்திருக்கிறார்கள். வீட்டில் கூடவே இருப்பவர் மருமகள். அதனால் மருமகள்மேல் பழி. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மாத்திரை கொடுக்கும் ஆளே திருடியாகிவிடும் கொடுமை இங்கிருந்துதான் தொடங்குகிறது. ஏற்கெனவே மாமியார் மருமகள் உறவில் ஒரு கசப்பு இருந்துவிட்டால், இது நோய் என்று யாரும் நினைப்பதே இல்லை.

மறதி மட்டும் இருந்தால் இந்த இடத்துக்கு வராது. ஒரு எண்ணம் தோன்றியதும் 'இது நடக்கக்கூடியதா' என்று உரசிப் பார்க்கும் வேலை மூளையின் முன்மடலில், குறிப்பாக வலப்பக்கத்தில், அதிகமாக நடக்கிறது. அங்கே சேதம் விழுந்தால் முதலில் தோன்றிய எண்ணமே உறுதியான நம்பிக்கையாகிவிடும். வலப்பக்க மூளையில் பக்கவாதம் வந்த சிலருக்குத் துணையின் நடத்தைமேல் திடீர்ச் சந்தேகம் வருவதும் இதனால்தான். ஆகுஸ்டேக்குக் கணவரைப் பற்றிய சந்தேகம் முந்தியும் மறதி பிந்தியும் வந்ததாகத் தெரிந்ததற்கு, அதற்கு முன்பே இருந்த சின்னச் சின்ன மறதிகளை வீட்டில் யாரும் கணக்கில் எடுக்காததும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். கீரையில் உப்பு இரண்டு முறை விழுந்ததை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்? 'நீ அவளோடு போனாய்' என்பதை யாரும் மறக்கமாட்டார்கள்.

இதே பெண் இன்று வந்தால்

அல்சைமர் நோய்க்கு இன்னும் முழுத்தீர்வு இல்லை. ஆனால் ஆகுஸ்டேயைப் போலவே வந்து நிற்கும் பலருக்கு இருப்பது தீர்க்கக்கூடிய நோய். அதனால் முதல் கேள்வி, இது எவ்வளவு நாளாக என்பது.

நேற்று வரை நன்றாக இருந்தார், இன்று திடீரென்று என்றால் அது டெலிரியம். நாட்டு வழக்கில் ஜன்னி கண்டுவிட்டது என்பது இதைத்தான். இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் ராத்திரி, 'இந்த நர்ஸ் ஊசியில் விஷம் ஏற்றுகிறாள்' என்று டிரிப்ஸைப் பிடுங்கி எறியும் தாத்தாவுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. காலையில் தெளிவாகப் பேசுவார், ராத்திரி மறுபடி குழம்புவார். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, உடம்பில் உப்புக் குறைவது, சர்க்கரை தாழ்வது, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு என்று எதுவும் காரணமாகலாம். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் தொற்று இப்படித் தலைகாட்டுவது உண்டு. இதை மனநோய் என்று தள்ளிப்போட்டால் உயிர் போகும். குடிப்பவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்ததால் குடி நின்று, இரண்டு மூன்று நாளில் நடுக்கத்தோடு 'போலீஸ் வருகிறது, பூச்சி ஊர்கிறது' என்று மிரள்வதும் இந்த வகைதான். அதுவும் அவசர நோய்.

அடுத்தது மாத்திரைப் பை. நோயாளி சாப்பிடும் எல்லா மருந்தையும், மெடிக்கலில் கேட்டு வாங்கியது உட்பட, மேசையில் கொட்டச் சொல்ல வேண்டும். ஸ்டீராய்டு இதில் முதல் குற்றவாளி. 1972-ல் பாஸ்டனில் மருத்துவமனை நோயாளிகளிடம் செய்த கண்காணிப்பில், பிரட்னிசோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 40 மில்லிகிராமோ குறைவாகவோ எடுத்தவர்களில் 1.3 விழுக்காட்டினருக்கு மனநலப் பாதிப்பு வந்தது. 80 மில்லிகிராமுக்கு மேல் எடுத்தவர்களில் அது 18.4 விழுக்காடு. பார்க்கின்சன் நோய்க்கான லெவோடோபாவும் அதன் இன மருந்துகளும் சந்தேகத்தையும் இல்லாத உருவங்களையும் கொண்டுவரும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரும் சைக்ளோசெரின் இந்த விஷயத்தில் பேர்போனது. சாதாரணக் காசநோய்க்குத் தரும் ஐசோனியாசிடும் எப்போதாவது செய்யும். காசநோய் இவ்வளவு இருக்கும் நம் நாட்டில் இது ஒவ்வொரு வார்டிலும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கை நடுக்கத்துக்குத் தரும் டிரைஹெக்ஸிபெனிடில், சளி அலர்ஜி மாத்திரைகள், சிறுநீர் அடக்க முடியாமைக்கான மாத்திரைகள் எல்லாம் முதியவர் மூளையில் ஒரே விதமாகக் குழப்பத்தைக் கிளப்பும். ஊமத்தங்காய் தின்றவர் பிதற்றுவதும் இதே வழியில்தான்.

ரத்தத்தில் பார்க்க வேண்டியவற்றில் தைராய்டை நான் தனியாகச் சொல்வேன். 1949-ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், தைராய்டு சுரப்பு வற்றியதால் பித்துப் பிடித்ததாக நினைக்கப்பட்ட 14 நோயாளிகளைப் பற்றி எழுதினார். பெரும்பாலானோர் தைராய்டு மருந்தாலேயே தேறினார்கள். முகம் உப்பி, குரல் கட்டி, தோல் வறண்டு, எந்நேரமும் குளிர்கிறது என்று சொல்லும் பெண்ணுக்குச் சந்தேகமும் சேர்ந்து வந்தால், ஒரு டி.எஸ்.எச். சோதனையில் விடை கிடைக்கலாம். பி12 வைட்டமின் அடுத்தது. சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் எடுக்கும் சர்க்கரை நோயாளிகள், வயிற்றெரிச்சலுக்கு வருடக்கணக்கில் மாத்திரை போடுபவர்கள் ஆகியோரிடம் இது குறையும். ரத்தசோகை தெரியாமலேயே மூளையும் தண்டுவடமும் பாதிக்கப்படலாம். கால் மரத்துப்போவதும் சந்தேகமும் ஒரே ஆளிடம் இருந்தால் இரண்டையும் சேர்த்து யோசிக்க வேண்டும். எச்.ஐ.வி., சிபிலிஸ் சோதனைகளும் இந்தப் பட்டியலில் உண்டு. மரியாதைப்பட்ட குடும்பம், அதனால் வேண்டாம் என்று விடுவது மருத்துவம் இல்லை.

வயது குறைவாக இருந்தால் கதை மாறும். 2007-ல் நரம்பியல் மருத்துவர் ஹோசெப் டால்மாவும் அவரோடு இருந்தவர்களும் 12 பெண்களின் நோயை விவரித்தார்கள். சில நாளில் அல்லது வாரங்களில் பயம், சந்தேகம், பிதற்றல். பிறகு வலிப்பு, முகத்தில் விசித்திரமான அசைவு, நினைவிழப்பு, மூச்சுத் திணறல். அவர்களில் 11 பேருக்குச் சினைப்பையில் டெரடோமா என்ற கட்டி. அந்தக் கட்டிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள் மூளையில் நரம்பணுக்கள் செய்தி வாங்கும் என்.எம்.டி.ஏ. ஏற்பிகளைத் தாக்கியிருந்தது. கட்டியை எடுத்து, எதிர்ப்பொருளை அடக்கினால் பெரும்பாலானோர் மீள்கிறார்கள். அதற்கு முன்னால் இப்படி எத்தனை பெண்கள் பைத்தியம் என்ற பெயரோடு போய்ச் சேர்ந்தார்கள் என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது. மூளையில் நெற்றிப்பொட்டை ஒட்டிய மடலில் கிளம்பும் பொட்டுமடல் வலிப்பு இன்னொன்று. 1963-ல் லண்டனில் மனநல மருத்துவர் எலியட் ஸ்லேட்டரும் அவரோடு இருவரும் வலிப்போடு சேர்ந்து மனச்சிதைவைப் போன்ற நோய் வந்த 69 பேரை ஆராய்ந்தார்கள். பெரும்பாலும் வலிப்பு தொடங்கிப் பல வருடம் கழித்து அந்த நிலை வந்திருந்தது. உடம்பில் செம்பு சேரும் வில்சன் நோய், பரம்பரையாக வரும் ஹன்டிங்டன் நோய், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் லூபஸ், மூளைக்கட்டி எல்லாம் உண்டு. நரம்பியல் பரிசோதனையில் அவை பெரும்பாலும் ஏதாவது தடயம் காட்டும்.

போதை வஸ்துகளில் கஞ்சாவை எல்லோருக்கும் தெரியும். ஆம்பெட்டமின் வகை அதைவிடக் கூர்மையாகச் சந்தேகத்தைக் கிளப்பும். 1958-ல் மனநல மருத்துவர் பிலிப் கானெல் 42 நோயாளிகளைக் கொண்டு காட்டினார்: நோயாளியை மட்டும் வைத்துப் பார்த்தால் மனச்சிதைவிலிருந்து பிரித்தறிய முடியாது, மருந்து உடம்பை விட்டு வெளியேறினால் பெரும்பாலும் சீக்கிரம் தெளிந்துவிடும். நீண்டநாள் குடியில் மனைவியின் நடத்தைமேல் வரும் சந்தேகமோ நம் ஊரில் அடிதடியிலும் கொலையிலும் முடிந்து செய்தித்தாளில் வருகிறது. அங்கே பொறாமையைத் தீர்க்கப் பஞ்சாயத்து பேசுவதைவிட, மனைவியின் உயிருக்குப் பாதுகாப்பும் குடிக்குச் சிகிச்சையும் முதல் வேலை.

காது கேட்காமை என்ற காரணத்தை மருத்துவர்களே அடிக்கடி மறக்கிறார்கள். 1981-ல் உளவியலாளர் பிலிப் சிம்பார்டோவும் வேறு இருவரும் கல்லூரி மாணவர்களை மனோவசியத்தில் ஆழ்த்தி, காது மந்தமாகும்படி செய்தார்கள். ஏன் மந்தமானது என்பது சிலருக்குத் தெரியாதபடி வைத்தார்கள். காரணம் தெரியாதவர்கள், பக்கத்தில் இருவர் பேசிச் சிரித்தபோது தங்களைப் பற்றித்தான் என்று எடுத்துக்கொண்டு, எரிச்சலும் பகையும் காட்டினார்கள். நல்ல மூளை, சில நிமிடங்கள், அவ்வளவுதான். 'என் காதுக்கு எட்டாமல் ரகசியம் பேசுகிறார்கள்' என்னும் முதியவருக்கு முதலில் காதுக் குறும்பி எடுத்து, செவித்திறனும் பார்க்க வேண்டும். கண்புரையும் அப்படியே.

இவ்வளவும் விலகிய பிறகு மனநோய்களுக்குள் வரலாம். அங்கேயும் மனச்சிதைவு ஒன்றுதான் என்றில்லை. கடும் மனச்சோர்வில் 'நான் பாவி, என்னைப் பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள்' என்ற நம்பிக்கை வரும். இருதுருவ நோயின் எழுச்சிக் கட்டத்தில், என் பெருமை பொறுக்காமல் சதி செய்கிறார்கள் என்பார்கள். போர், சித்திரவதை, பாலியல் வன்முறை கண்டவர் கதவு தட்டப்பட்டாலே பதறுவார். பல நாள் தூங்காதவருக்கும் வரும். நாற்பதுக்கு மேலும், சிலருக்கு அறுபதுக்கு மேலும்கூட மனச்சிதைவே புதிதாகத் தொடங்குவதும் உண்டு. அதைச் சொல்லும் உரிமை மற்றவற்றைப் பார்த்த பிறகுதான் வருகிறது.

உண்மையாகவே இருந்தால்

இதற்கு ஒரு பத்தி தனியாக வேண்டும். 'என் கைநாட்டை வாங்கி நிலத்தை எழுதிக்கொண்டார்கள்', 'பென்ஷன் பணத்தை எடுத்துவிடுகிறார்கள்', 'சோறு போடாமல் வைத்திருக்கிறார்கள்' என்று ஒரு முதியவர் சொன்னால் அது நடந்தும் இருக்கலாம். நினைவு தவறுகிற ஆளைத்தான் ஏமாற்றுவது சுலபம். கூட வந்தவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு முதியவரிடம் தனியாகப் பேச வேண்டும். உடம்பில் காயம் இருக்கிறதா, எடை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறு ஒரு உறவினரிடமும் விசாரிக்க வேண்டும். கார்ல் டேட்டர் சொன்னதை மட்டும் கேட்டு முடிவெடுக்காமல் அல்சைமர் ஆகுஸ்டேயிடமே மணிக்கணக்கில் பேசியது இந்த வகையிலும் சரியான வழிதான்.

பரம்பரையும் மருந்தும்

65 வயதுக்கு முன்பே மறதிநோய் தொடங்கினால் குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்க வேண்டும். ஆகுஸ்டேயின் பழைய மூளைத் துணுக்கிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, அல்சைமர் நோயைப் பரம்பரையாகக் கடத்தக்கூடிய ப்ரெசெனிலின் 1 மரபணுவில் பிறழ்வு இருந்ததாக ஓர் ஆய்வுக்குழு 2013-ல் அறிவித்தது. அடுத்த வருடமே வேறொரு குழு சோதித்துவிட்டு அப்படி ஒன்றைக் காணோம் என்றது.

வீட்டில் செய்யக்கூடியது என்று பார்த்தால், 'நான் எடுக்கவே இல்லை' என்று வாதாடுவதால் பலன் இல்லை. 'காணோமா? வாங்க, சேர்ந்து தேடுவோம்' என்று எழுந்து தேடினால் பாதிச் சண்டை அடங்கும். எங்கே ஒளித்துவைப்பார் என்று தெரிந்துவைத்துக்கொள்வதும், சாவிக்கும் கண்ணாடிக்கும் இன்னொரு ஜோடி வாங்கி வைப்பதும், சாயங்காலம் விளக்கைச் சீக்கிரம் போடுவதும் உதவுகின்றன. பழி சுமக்கும் மருமகளிடமோ மகளிடமோ, இது உன்மேல் வந்த கோபம் இல்லை, நோய் பேசுகிறது என்று மருத்துவர் வாயால், குடும்பத்தார் முன்னிலையிலேயே சொல்ல வேண்டும். அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

மனநோய் மருந்துகளைக் கடைசியில் வைக்கிறேன். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு அவற்றைக் கொடுத்தால் இறக்கும் ஆபத்து 1.6 முதல் 1.7 மடங்கு கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-ல் புதிய வகை மருந்துகளுக்கு எச்சரித்தது. 2008-ல் பழைய மருந்துகளையும் அந்த எச்சரிக்கைக்குள் சேர்த்தது. மூளை அணுக்களில் புரதம் உருண்டையாகத் திரளும் லூயி உருண்டை மறதிநோய் என்ற வகையில், ஹேலோபெரிடால் போன்ற பழைய மருந்துகள் உடம்பை விறைக்கவைத்து உயிருக்கே உலைவைக்கும். அதனால் தெளிவான உருவங்கள் தெரிகின்றன, ஒரு நாள் தெளிவு ஒரு நாள் குழப்பம், நடையில் இறுக்கம் என்று இருப்பவருக்கு அந்த ஊசியைப் போடும் முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும். ஆனால் பயத்தில் சாப்பாட்டை மறுக்கிறார், பிறரை அடிக்க வருகிறார் என்ற நிலையில் மருந்து இல்லாமல் முடியாது. அப்போது மிகக் குறைந்த அளவில் தொடங்கி, சில வாரங்களுக்கு ஒருமுறை மறுபடி பார்த்து, மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்த முயல வேண்டும். எழுதிக்கொடுத்த சீட்டை அடுத்த ஆறு மாதத்துக்கு அப்படியே தொடரவிடக் கூடாது.